சாட்சிக் கையெழுத்து

நாகர்கோவிலிலிருந்து மும்பை போகும் ரயில் திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் வந்ததும் மகள் முதலில் ஃபைலைத்தான் ஏற்றினாள். பெட்டிகள், தண்ணீர் கேன், புளிசாதப் பொட்டலம் எல்லாம் அதற்குப் பிறகு. அந்த நீல ஃபைலுக்குள் பதினெட்டு மாதக் காத்திருப்பு இருந்தது. பாஸ்போர்ட், பிறப்புச் சான்று, திருமணப் பதிவுச் சான்று, போலீஸ் சான்று, சென்னையில் நடந்த மருத்துவப் பரிசோதனையின் ஒட்டிய உறை, நாற்பது கல்யாணப் படங்கள். ஒன்றரை நாள் பயணம் முழுக்க அதைத் தலைமாட்டில் வைத்துத்தான் படுத்தாள். பாத்ரூம் போகும்போது என் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

என் பையிலும் ஒரு நோட்டு இருந்தது. கல்யாணத்து மொய் நோட்டு. கோவில்பட்டி தாண்டிய பிறகுதான் அவள் அதைப் பார்த்தாள்.

“எம்மா, இத எதுக்கு எடுத்துட்டு வந்தீங்க? அவங்க கேட்ட லிஸ்ட்லயே இல்லையே.”

“கல்யாணம் நெசமா நடந்துச்சான்னுதான கேக்காங்க? நானூத்திப் பன்னெண்டு பேரு இதுல இருக்காங்க. இதவிட என்ன சாட்சி வேணும்?”

அவள் சிரிக்கவில்லை. நோட்டை வாங்கி, ஃபைலின் கடைசிப் பையில் செருகி வைத்துக்கொண்டாள்.

2018 தை மாதம் பாளையங்கோட்டையில் கல்யாணம். மருமகன் நாகர்கோவில் பக்கத்துப் பையன். பன்னிரண்டு வயதில் பெற்றோரோடு அமெரிக்கா போய், அங்கேயே படித்து, அங்கேயே குடிமகன் ஆனவர். மூன்று வாரம் இருந்துவிட்டுத் தனியாகத்தான் திரும்பினார். தாலி கட்டிய கையோடு மனைவியை அழைத்துப் போக அங்கே வழியில்லை. ‘இவள் என் மனைவி’ என்று முதலில் அவர் தன் அரசாங்கத்துக்கு மனுப் போடவேண்டும். ஐ-130 என்பது அந்த மனு. அப்போது அதற்குக் கட்டணம் 535 டாலர். அது ஏற்கப்பட்ட பிறகு, நியூ ஹாம்ஷயர் மாநிலத்துப் போர்ட்ஸ்மவுத் என்ற ஊரில் இருக்கும் தேசிய விசா மையத்துக்குக் காகிதங்கள் போகும். அங்கே இன்னும் இரண்டு கட்டணம், 325-ம் 120-ம். நீண்ட இணையப் படிவம் ஒன்று. ஒவ்வொரு சான்றையும் ஸ்கேன் செய்து ஏற்றவேண்டும். எல்லாம் சரி என்று அவர்கள் சொன்னால்தான் இன்டர்வியூவுக்கு நாள் கிடைக்கும்.

குடிமகனின் மனைவிக்கு ஆண்டுக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு இல்லை. ஆகவே எங்களுடையது வேகமான வரிசை. வேகமான வரிசையிலேயே ஒன்றரை வருடம்.

சென்னையில், அண்ணா மேம்பாலத்தின் அடியிலேயே அமெரிக்கத் துணைத் தூதரகம் இருக்கிறது. படிக்கப் போகிறவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் அங்கேதான் வரிசையில் நிற்கிறார்கள். ஆனால் அமெரிக்காவிலேயே குடியேறப் போகிறவர்களில் பெரும்பாலோர் மும்பைக்குத்தான் போகவேண்டும். எங்கள் வழக்கு எண்ணே பி.எம்.பி. என்ற மூன்று எழுத்தில்தான் தொடங்கியது. ஊர் மும்பை ஆகி எத்தனையோ வருடமாயிற்று. பம்பாய் இன்னும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது.

ஃபைலில் இருந்த எல்லாக் காகிதத்தையும்விட எங்களை அலைய வைத்தது பிறப்புச் சான்றுதான். மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன தகவலை வைத்துப் பதிவு செய்திருந்தார்கள். தேதி உண்டு, பெற்றோர் பெயர் உண்டு, ‘பெண்’ என்று உண்டு. பெயர் இருக்கவேண்டிய இடம் காலி. பெயர் வைத்த பிறகு போய்ச் சேர்க்கவேண்டும் என்று அந்தக் காலத்தில் எங்களில் யாருக்குத் தெரியும்? பள்ளிச் சான்றிதழ், உறுதிமொழிப் பத்திரம் என்று தூக்கிக்கொண்டு இரண்டு மாதம் நடந்தோம். கவுண்டரில் இருந்தவர் “பிள்ளை பேரு சொல்லுங்க” என்றபோது நான் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி நீட்டினேன்.

காரணம் உண்டு. அவளுக்கு வைத்தது என் மாமியார் பெயர். தாத்தா பாட்டி பெயரைப் பேரப்பிள்ளைக்கு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பதும் வழக்கம்தான். அதனால் இப்படிப் பெயர் வைத்த பிள்ளைகளுக்குக் கூப்பிட இன்னொரு பெயர் இருக்கும். இருபத்தைந்து வருடமாக நான் மகளை அந்த இரண்டாவது பெயரில்தான் கூப்பிட்டு வருகிறேன். மாமியார் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகியும் நாக்கு எழவில்லை. இந்தக் கட்டுரையிலும் எழுதாமல் விட்டதற்குக் காரணம் அதுவே.

பாஸ்போர்ட்டில் அவளுக்கு அந்த ஒற்றைப் பெயர் மட்டும்தான். குடும்பப் பெயர் கட்டம் காலி. தமிழர்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதலெழுத்துதான். ஆனால் அமெரிக்க விசாவில் குடும்பப் பெயர் இல்லாமல் முடியாது. எனவே இருக்கிற ஒரு பெயரை அந்தக் கட்டத்துக்குத் தள்ளிவிட்டு, முதல் பெயர் கட்டத்தில் எஃப்.என்.யூ. என்று போடுவார்கள். ‘முதல் பெயர் தெரியவில்லை’ என்று அதற்கு அர்த்தம். விசாவில் இப்படி வரும், பயப்படவேண்டாம் என்று மருமகன் முன்கூட்டியே சொல்லிவிட்டார். பயமில்லை. ஆனால் இரண்டு மாதம் நடந்து சேர்த்த பெயர் அது.

மறுநாள் காலை ஜன்னலில் கரிசல் மண். எங்கள் கோவில்பட்டி மண்தான், ஆனால் கண் போகும் தூரம்வரை. சோலாப்பூரில் நல்ல வெயில். புனே வந்தபோது வானம் மூடியிருந்தது. லோனாவ்லாவில் கடலை மிட்டாய் மாதிரியே இருக்கும் சிக்கியை விற்றுக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு போர் காட் இறக்கம். சுரங்கத்துக்குள் புகுந்து வெளியே வந்தால் மலையெல்லாம் வெள்ளை வெள்ளையாய் அருவிகள், மறுபடி சுரங்கம். ஜூலை மாத மழை. பத்தொன்பது வயதில் இதே வழியில் போன ஒருவரை நினைத்துக்கொண்டே வந்தேன்.

பெரியப்பா மகன் அண்ணன் 1978-ல் தாராவிக்குப் போனவர். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து யாராவது ‘பம்பாய்க்குப் போயிருக்கான்’ என்றால் அது பெரும்பாலும் தாராவிதான். தோல் பதனிடும் வேலைக்குத் திருநெல்வேலிச் சீமை ஆட்கள் தலைமுறை தலைமுறையாகப் போய்க் குடியேறிய இடம். அங்கே உள்ள பெரிய பள்ளிவாசல் 1887-ல் கட்டியது, பிள்ளையார் கோவில் 1913-ல். ஆனால் இதெல்லாம் நான் பிறகு தெரிந்துகொண்டது. எனக்கு முதலில் தாராவி என்றால் ஒரு எண்தான்: பம்பாய் 17.

நான் 31 வருடம் தபால் இலாகாவில் வேலை பார்த்தவள். 1983-ல் சேர்ந்ததும் முதலில் பல வருடம் ஊருக்குப் பக்கத்துச் சின்ன ஆபீஸில் மணியார்டர் கவுண்டர். மாதம் பிறந்து பத்து தேதிக்குள் பம்பாய் 17-லிருந்து வரும் பாரங்கள் கத்தையாகச் சேரும். வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் இளம் மனைவிகள். கல்யாணம் ஆகி இரண்டு மாதம், ஆறு மாதம் கூட இருந்துவிட்டுப் புருஷன் ரயிலேறிப் போயிருப்பான். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்குப் பெருவிரல் ரேகை. ரேகை மட்டும் போதாது. இவள்தான் அவள் என்று ஆபீஸுக்குத் தெரிந்த ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும். வாத்தியாரோ பலசரக்குக் கடைக்காரரோ வரும்வரை அந்தப் பிள்ளைகள் தூணோரம் காத்திருப்பார்கள். அவர்களில் ஒருத்தி என் மைனி, அந்த அண்ணனின் மனைவி. ஒன்பது வருடம் அவளுக்கு நான் பணம் எண்ணிக் கொடுத்திருக்கிறேன்.

தாதரில் இறங்கும்போது இரவு. மைனியும் மகனுமாக வந்திருந்தார்கள். 90 அடி ரோட்டில் டாக்ஸி நின்றபோது கடைப் பலகைகளில் தமிழ். இரண்டு தட்டு வீடு; கீழே அண்ணன் தோல் பை தைக்கும் மெஷின், மேலே எல்லோரும் படுக்கும் ஒற்றை அறை. பதனிடும் தொட்டிகள் எப்போதோ ஊருக்கு வெளியே போய்விட்டன, தைப்பது மட்டும் மிச்சம். விடிகாலை மூன்றரைக்குப் பக்கத்துச் சந்தில் ஆவி சத்தம் கேட்டு விழித்தேன். ஊர்க்காரர்கள் இட்லி அவிக்கிறார்கள். விடியும்போது அது சைக்கிளில் மும்பை முழுக்கப் போய்விடும்.

கைரேகைக்கு இன்டர்வியூவுக்கு முந்தின நாள் ஒரு ஆபீஸ். அது சுருக்கமாக முடிந்தது. அன்று சாயங்காலம் மைனி எங்களைப் பிள்ளையார் கோவிலுக்கு அழைத்துப் போனாள். ஊரில் அர்ச்சனை என்றால் என் வீட்டுக்காரர் பெயர் சொல்லுவார். அவருக்கு மூட்டு வலி, வரவில்லை. அர்ச்சகர் தட்டை வாங்கிக்கொண்டு, “பேரு, நட்சத்திரம்?” என்றார். மகள் தனக்காகத் தானே சொல்லக் கூசி என்னைப் பார்த்தாள். பாஸ்போர்ட்டில் உள்ள பெயர்தானே நாளைக்கு உள்ளே போகப்போகிறது, சாமிக்கு அது தெரியவேண்டாமா? சொன்னேன். வாய்விட்டு, கல்யாணமாகி முப்பது வருடத்தில் முதல் தடவையாக. மகள் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள். அம்மா வாயால் அவள் தன் பெயரைக் கேட்டதும் அதுதான் முதல் தடவை.

அன்றிரவு அவளுக்குத் தூக்கம் இல்லை. அவள் மனதில் இருந்தது ஒரே ஒரு காகிதம். ஐ-864. ஸ்பான்சர் செய்வது என்று நாம் பொதுவாகச் சொல்வதன் எலும்பே அதுதான். கூட்டி வருகிறவளை அரசாங்கத்தின் தலையில் சுமத்தமாட்டேன், நான் பார்த்துக்கொள்வேன் என்று கணவன் எழுதிக் கொடுக்கும் பிணை. வெறும் வார்த்தை செல்லாது. அந்த நாட்டின் வறுமைக்கோட்டு வருமானத்தில் 125 சதவீதமாவது அவர் சம்பாதிக்கவேண்டும். 2019-ல் இரண்டு பேர் குடும்பத்துக்கு அது வருடத்துக்கு 21,137 டாலர். மருமகன் வேலையை விட்டுவிட்டு நர்சிங் படிக்கச் சேர்ந்திருந்தார். பகுதிநேர வேலையில் வந்தது அதற்குக் கீழே.

அவருடைய அக்கா கூட்டு ஸ்பான்சராகக் கையெழுத்துப் போட்டார். கணவர், இரண்டு பிள்ளைகள், அவர், இப்போது என் மகள் என்று ஐந்து பேர் கணக்கு. 37,712 டாலர் காட்டவேண்டும். அவர் அதற்கு மேலேயே சம்பாதித்தார். எனக்கு நெஞ்சில் தைத்தது தொகையில்லை. அந்தப் பிணை எப்போது முடியும் என்பதை மருமகன் எனக்கு விளக்கினார். என் மகள் அந்த நாட்டுக் குடிமகள் ஆனால் முடியும். நாற்பது காலாண்டு வேலை அவள் கணக்கில் ஏறினால், அதாவது சுமார் பத்து வருட உழைப்பு, முடியும். அவள் நிரந்தரமாக நாட்டைவிட்டுப் போனால் முடியும். இருவரில் ஒருவர் செத்தால் முடியும். விவாகரத்து ஆனால் முடியாது. கல்யாணமே இல்லாமல் போனாலும் அந்தக் கையெழுத்து நிற்கும்.

லீவு கிடைக்காமல் கல்யாணத்துக்கே வராதவர் அந்த அக்கா. ஃபோனில்தான் என் மகளைப் பார்த்திருக்கிறார். கூடப் பிறந்தவர்களுக்கே பேங்க் கடனில் ஜாமீன் கையெழுத்துப் போடப் பத்துத் தடவை யோசிக்கிற காலத்தில், நேரில் பார்க்காத ஒரு பெண்ணுக்காகத் தன் மூன்று வருட வரிக் கணக்கையும் பிரித்து வைத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதைச் சொல்ல எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

தாராவியிலிருந்து துணைத் தூதரகம் தூரமில்லை. நடுவில் மித்தி ஆறு. பெயருக்குத்தான் ஆறு, கறுப்பாக, மழையில் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. கரையோரம் அலையாத்திச் செடிகள். பாலத்தைத் தாண்டினால் பாந்திரா குர்லா காம்ப்ளெக்ஸ், கண்ணாடிக் கட்டடங்கள். 2011-க்கு முன்பு பிரீச் கேண்டி கடற்கரையில் ஒரு பழைய ராஜாவின் மாளிகையில் இருந்த துணைத் தூதரகம் அந்த வருடம் இங்கே வந்தது. ஆட்டோவில் பத்து நிமிடம் ஆகியிருக்கும். அண்ணன் நாற்பது வருடமாக இந்தக் கரையில் இருக்கிறார். அந்தக் கட்டடத்தின் வாசலுக்கு இன்றைக்குத்தான் முதல் தடவை வருகிறேன் என்றார்.

உள்ளே விண்ணப்பித்தவர்கள் மட்டும். ஃபோன் கூடாது, பை கூடாது. மகள் நீல ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். நானும் மைனியும் எதிரே நடைபாதையில் குடைக்கு அடியில்.

பக்கத்தில் ஒரு குஜராத்தி அம்மா பிளாஸ்டிக் விரிப்பில் உட்கார்ந்திருந்தார். மைனி இந்தியில் பேச்சுக் கொடுத்தாள். அமெரிக்கக் குடிமகனான அண்ணன் தன் தம்பிக்காகப் போட்ட மனுவாம், 2004-ல். உள்ளே போயிருப்பது அந்தத் தம்பி, இந்த அம்மாவின் மகன். மனைவியும் சின்னப் பிள்ளையும் கூடப் போயிருக்கிறார்கள். மூத்த பேரனுக்கு மனுப் போட்டபோது எட்டு வயது. இப்போது இருபத்தொன்று தாண்டிவிட்டதால் அவன் அந்த மனுவில் இல்லை. எல்லோரும் போனால் அவன் என்னோடு இருப்பான் என்று சொல்லிவிட்டு, எங்களுக்கு ஆளுக்கொரு தேப்லா கொடுத்தார். என்ன சொல்வதென்று தெரியாமல் நான் தின்றுகொண்டிருந்தேன்.

மைனி மழையைப் பார்த்தபடி சொன்னாள்: “ஏளா, எனக்கு விசாவும் கேக்கல, கிசாவும் கேக்கல. ஒரு ரூமு கெடைக்கட்டும், கூட்டிட்டுப் போறேன்னாரு உங்கண்ணன். அதுக்கே ஒம்பது வருசம். ஒங்கிட்ட ரேகை வச்சுட்டுப் பணத்த வாங்கும்போதெல்லாம் நெனைப்பேன், பணத்த அனுப்புதாரே, ஒரு டிக்கெட்ட அனுப்பப்படாதான்னு.”

கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கு அது அன்று தெரியவில்லை. ரேகை சரியா, சாட்சி இருக்கிறதா, தொகை சரியா என்று பார்த்தேன். தூணோரம் நின்றவர்கள் முகத்தைப் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

பதினொன்றரைக்கு மகள் வெளியே வந்தாள். கையில் ஃபைல் இளைத்திருந்தது. பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டார்கள், அதுதான் நல்ல சேதி. ரோட்டைக் கடந்து வந்து குடைக்குள் நுழைந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். மைனிதான் கேட்டாள், “என்னட்டி கேட்டாங்க?”

வலது கையைத் தூக்கி, சொல்வதெல்லாம் உண்மை என்று உறுதி எடுத்துக்கொள்ளச் சொன்னார்களாம். எப்போது முதலில் பார்த்தீர்கள், கல்யாணத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், அவர் என்ன படிக்கிறார். நாற்பது படத்தில் இரண்டைப் பார்த்தார்கள். அப்புறம் கூட்டு ஸ்பான்சர் யார், எந்த ஊர், என்ன வேலை. “அவங்க அக்காவப் பத்திதாம்மா அதிகம் கேட்டாங்க. எல்லாம் சொன்னேன். பிள்ளைங்க பேரு மொதக்கொண்டு சொன்னேன்.” மொத்தம் பத்து நிமிடம்கூட இல்லை.

“மொய் நோட்டு?”

“கேக்கலம்மா. ஆனா எத்தன பேருன்னு கேட்டப்ப நானூத்திப் பன்னெண்டுன்னு சொன்னேன். அந்த ஆளு எழுதிக்கிட்டாரு.”

கல்யாணமாகி இரண்டு வருடம் நிறையவில்லை என்பதால் அவளுக்குக் கிடைப்பது நிபந்தனையோடு கூடிய நிரந்தரக் குடியிருப்பு அட்டை. இரண்டு வருடம் முடிகிற சமயம், காலாவதிக்கு முந்தின 90 நாளுக்குள், இருவரும் சேர்ந்து மறுபடி மனுப் போட்டு, இன்னும் சேர்ந்துதான் வாழ்கிறோம் என்று காட்டவேண்டும். வாடகைப் பத்திரம், பேங்க் கணக்கு, கரண்ட் பில். இனிமேல் எல்லாப் பில்லையும் எடுத்து வை என்று அன்றே சொல்லிவிட்டேன். முப்பத்தொரு வருடம் ரசீது கிழித்தவள் வேறென்ன சொல்வாள்?

கிளம்பும்போது மைனி என் கையில் ஒரு கவரைத் திணித்தாள். ஐநூற்றொன்று. “கல்யாணத்துக்குத்தான் வர முடியல. நோட்டு கையிலதான இருக்கு, எழுதிரு.”

திரும்பும்போது கர்ஜத்தில் ரயில் கொஞ்ச நேரம் நின்றது. ஏற்றத்துக்குப் பின்னாலிருந்து தள்ளுவதற்குக் கூடுதல் இன்ஜின்களைக் கோக்கிறார்கள். மலை ஏறும்போது அதன் சத்தம் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே வந்தது. லோனாவ்லாவில் கழற்றிவிட்டார்கள். மகள் அதற்குள் தூங்கியிருந்தாள். மும்பைக்கு வந்ததிலிருந்து அவள் முழுதாகத் தூங்கியது அப்போதுதான். ஃபைல் காலடியில் கிடந்தது.

மொய் நோட்டை எடுத்தேன். 412-க்குக் கீழே 413 போட்டு அண்ணன் பெயர், ஊர் என்ற இடத்தில் தாராவி, 501. எழுதிவிட்டுப் பார்த்தேன். அடித்துவிட்டு மைனி பெயரை எழுதினேன். ரேகை வைக்கிற காலத்தில் நான் பாரத்தில் படித்த பெயர்.

அதற்குக் கீழே 414. மருமகனின் அக்கா பெயர், ஊர் நியூ ஜெர்சி. மொய் வாங்கினால் ஒருநாள் திருப்பிச் செய்யவேண்டும்; அதற்குத்தான் நோட்டு. தொகைக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. 37,712 என்று எழுதலாமா என்று யோசித்தேன். வண்டி ஆடியது. கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, பக்கத்தில் ‘கையெழுத்து’ என்று மட்டும் எழுதி நோட்டை மூடி, மகளின் ஃபைலில் வைத்தேன்.